பூஜ்யம் போட்ட ஆண்டுகள்

எங்கள் வீட்டில் என் நாத்தனாருக்கு ‘அடிக்குறிப்பு’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. மழை வரும் போலிருக்கிறது என்று சொன்னால்கூட யார் சொன்னது, எதில் படித்தாய் என்று கேட்கிற ஆள். பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியை. ஆலைகள், இயந்திரங்கள், அவற்றுக்காக அரசாங்கங்கள் போட்ட சட்டங்கள், அந்தச் சட்டங்களால் தொழில் வளர்ந்ததா படுத்ததா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். இவர், அதாவது என் வீட்டுக்காரர், அண்ணிக்கு ஒரே தம்பி. ஒரு சாய ஆலையில் பாய்லர் பார்க்கிறார். அக்கா பாய்லரைப் பற்றி எழுதுகிறார், தம்பி பாய்லர் பக்கத்தில் வேகிறார் என்று கல்யாணமான புதிதில் கிண்டல் செய்வேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை.

அண்ணிக்குப் பேர் வாங்கிக் கொடுத்த புத்தகம் ஒன்று உண்டு. வெகு காலத்துக்கு முன்னால், போர்ச் சமயத்தில், ஆலைகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர்களை அரசாங்கம் சில ஆண்டுகள் அனுப்பாமல் நிறுத்தி வைத்திருந்ததாம். அந்த ஆண்டுகளில் பாய்லர்கள் படபடவென்று வெடித்திருக்க வேண்டும் என்றுதான் நாம் நினைப்போம். அண்ணி ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து விபத்து அறிக்கைகளை ஆண்டு ஆண்டாக எண்ணினார். விபத்து கூடவில்லை, குறைந்திருந்தது. சில ஆண்டுகளுக்குப் பூஜ்யமே போட்டார். முதலாளிக்கே தன் இயந்திரத்தின் மேல் அக்கறை உண்டு, இன்ஸ்பெக்டர் குறுக்கே நிற்காவிட்டால் புது இயந்திரங்கள் சீக்கிரம் வரும், தொழில் பெருகும், விபத்தும் குறையும் என்று எழுதினார். அமைச்சகத்துக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. சட்டம் எழுதும் குழுவில் அண்ணியைச் சேர்த்தார்கள், சட்டம் போட்டார்கள். இனி இன்ஸ்பெக்டர் வர மாட்டார். ஆலையின் இன்ஜினியரே ஆலையின் பாய்லருக்குச் சான்று கொடுத்துக்கொள்ளலாம்.

இவருக்குப் பெருமை தாங்கவில்லை. புத்தகத்தைப் பாய்லர் அறைக்கே எடுத்துப்போய் ஆட்களுக்குக் காட்டினார். “எங்கக்கா எழுதினதுதான் இப்ப சட்டம்” என்று தெருவில் காய்கறி விற்கிறவரிடம்கூடச் சொன்னார். அந்த மனிதர் பாவம், தராசைக் கையில் பிடித்துக்கொண்டு தலையாட்டினார்.

ஒரு விடுமுறை நாள் அண்ணி சாப்பிட வந்திருந்தார். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். இவர் வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“அக்கா, உன் சட்டம் வந்ததுலேர்ந்து எங்க ஆலையில ஒரு விபத்துகூட இல்லை, தெரியுமா?”

எனக்கு வாய் சும்மா இருக்காது. “அப்ப முதுகுல இருக்கிறது என்னவாம்?” என்றேன்.

“அது ஒண்ணுமில்லை. லேசா ஆவி அடிச்சுது.”

“ஒண்ணுமில்லையாம். நாள் கணக்கா குப்புறப் படுத்துக் கிடந்தாரு அண்ணி. நான்தான் களிம்பு தடவினேன்.”

அண்ணி தம்பியைப் பார்த்தார். “எப்படிடா அடிச்சுது?”

“ஒரு பைப்பு பிளந்துக்கிச்சுக்கா. எனக்காவது முதுகு. கூட நின்னவன், கட்டைக்குரல்னு கூப்பிடுவோமே, அவனுக்குத்தான் முகத்துல. இப்ப தேறிட்டான். ஒரு கண்ணுதான் தெரியலை.”

“இதை எங்க எழுதி வச்சீங்க?”

“எழுதறதா? யாருக்கு எழுதறது? முன்னாடின்னா இன்ஸ்பெக்டர் வந்து நோண்டி நோண்டிக் கேட்டு எழுதிக்கிட்டுப் போவாரு. அந்த மனுஷனைத்தான் நீ வீட்டுக்கு அனுப்பிட்டியே!” இவர் சிரித்தார்.

அண்ணியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. குழம்பில் ஏதாவது விழுந்து கிடக்கிறதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. மெதுவாக இன்னொரு கேள்வி கேட்டார்: பாய்லர் இப்போது எப்படி ஓடுகிறது?

இவருக்கு இது போதாதா, உற்சாகமாகச் சொன்னார். புதிதாக வந்த சாய இயந்திரங்கள் ஆவியைக் குடிக்கின்றனவாம். பழைய பாய்லர் ஈடுகொடுக்கவில்லை. அழுத்தம் அளவுக்கு மேலே போனால் தானாகத் திறந்து ஆவியை வெளியே விட அதன் தலையில் ஒரு வால்வு இருக்கிறது. ஒரு கம்பியில் தொங்கும் எடைதான் அந்த வால்வை மூடி வைத்திருக்கும். அது அடிக்கடி திறந்து ஆவி வீணாகிறது என்று கம்பியில் கூடுதலாக ஒரு இரும்பைத் தொங்கவிடச் சொன்னாராம் மானேஜர். இப்போது வால்வு வாயே திறப்பதில்லையாம்.

“தப்பில்லையா?” என்று கேட்டேன். எனக்கே அது நல்லதாகப் படவில்லை.

“இன்ஜினியர் கையெழுத்துப் போட்டாச்சு. அக்கா புத்தகத்துலயே இருக்கு, முதலாளி தன் பாய்லரைத் தானே வெடிக்க விடுவானான்னு. போய் ரசம் கொண்டா.”

அண்ணி அதற்குமேல் சாப்பிடவில்லை. இவர் கை கழுவப் போனதும் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“நாளைக்கு என்கூட ஒரு இடத்துக்கு வர்றியாம்மா? தனியா போகப் பயமா இருக்கு” என்றார்.

பயம் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. என் தையல் கடையில் தைத்துக் கொடுக்க வேண்டிய பள்ளிச் சீருடைகள் மலைபோல் கிடந்தன. ஆனாலும் போனேன்.

ஊரின் பழைய ஆலைகள் இடிந்து கிடக்கும் பகுதிக்குப் பின்னால் ஆலைத் தொழிலாளர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. நல்ல வெயில். முழங்கால் உயரத்துக்குப் புல். ஆவணக் காப்பகத்தின் மொட்டை மாடி அங்கிருந்தே தெரிந்தது. அண்ணி புல்லை விலக்கி விலக்கிக் கற்களைப் படித்துக்கொண்டே போனார். ஒரு கல்லில் ஆண்டைப் பார்த்துவிட்டு, “இந்த வருஷத்துக்கு நான் பூஜ்யம் போட்டேன்” என்றார். அடுத்த கல்லிலும் அதே ஆண்டு, அதே மாதம், அதே தேதி. அதற்கடுத்ததிலும். ஒரு வரிசை முழுக்க ஒரே தேதி. ‘கொதிகலன் வெடித்து மறைந்த எம் தோழர்’ என்று ஒன்றில் செதுக்கியிருந்தது. ‘ஆவியில் வெந்து’ என்று இன்னொன்றில். அந்த வரிசை முடிந்ததும் வேறொரு தேதியில் அடுத்த வரிசை தொடங்கியது.

“இதுக்கும் பூஜ்யம்” என்றார் அண்ணி.

“போதும் அண்ணி, வாங்க போயிடலாம்” என்றேன். அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு கல்லின் முன்னும் நின்று, அந்த ஆண்டுக்குப் புத்தகத்தில் தான் போட்ட எண்ணைச் சொன்னார். எந்தப் புத்தகத்தையும் புரட்டவில்லை, எல்லாம் மனப்பாடம்.

திரும்பும்போது ஒரு உடைந்த சுவர்மேல் உட்கார்ந்துகொண்டார். “விபத்து நடந்தா இன்ஸ்பெக்டர் எழுதுவாரு. அந்த அறிக்கையைத்தான் நான் எண்ணினேன். இன்ஸ்பெக்டரை நிறுத்தினா அறிக்கையும் நின்னுடும். எழுத ஆள் இல்லாததை நடக்கவே இல்லைன்னு எடுத்துக்கிட்டேன். முதல் வருஷ மாணவன் பண்ணினா சிவப்பு மையால அடிச்சிருப்பேன்” என்றார்.

எனக்குப் பரிதாபம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. “நீங்க புத்தகத்தைத் திருத்திக்கலாம் அண்ணி. இவரு இப்ப அந்த பாய்லர்கிட்டதான் நிக்கிறாரு” என்றேன். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தேன். அப்புறம், சொன்னது சரிதான் என்றும் நினைத்தேன்.

அங்கிருந்து நேராக என் தையல் கடைக்குத்தான் வந்தோம். அமைச்சகத்தில் அந்தச் சட்டத்தைக் கவனிக்கும் அதிகாரியை அண்ணி போனில் பிடித்தார். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“மேடம்! நானே கூப்பிடலாம்னு இருந்தேன்” என்றார் அதிகாரி, குரலில் அவ்வளவு சந்தோஷம். “நல்ல சேதி. இந்த வருஷம் நாடு முழுக்க பாய்லர் விபத்து பூஜ்யம்.”

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். “அது பூஜ்யம் இல்லைங்க. யாரும் உங்களுக்குச் சொல்லலை, அவ்வளவுதான்.”

“சொன்னாத்தானே மேடம் கணக்குல வரும்.”

“நான் எழுதினதே தப்பு. அதே தப்பைத்தான் நீங்களும் இப்ப பண்றீங்க. இன்ஸ்பெக்டர்களைத் திரும்ப அனுப்புங்க. இன்னைக்கே அனுப்புங்க.”

“தப்புன்னா அடுத்த பதிப்புல திருத்திடுங்க மேடம், யாரு வேண்டாங்கிறா. மறு ஆய்வு வரும்போது நாங்களும் எடுத்துக்கறோம்.”

“அது எப்ப?”

“சட்டம் வந்து அஞ்சு வருஷம் முடியணும். குழுவில அந்த விதியைப் போட்டதே நீங்கதானே மேடம்” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் இவர் வேலை முடிந்து வந்ததும் அண்ணி எல்லாவற்றையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. இவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டார். முதலில், அக்கா ஏதோ தன்னடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்தார் போலிருக்கிறது, சிரித்த முகமாகவே இருந்தார். கல்லறைக் கற்களைப் பற்றிச் சொன்னபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது.

“அப்ப நான் இத்தனை நாளா யாரை நம்பி உள்ள நின்னேன்?” என்றார்.

அண்ணி தம்பியின் கையைப் பிடிக்கப் போனார், இவர் இழுத்துக்கொண்டார்.

“அழுத்தம் காட்டுற முள்ளு சிவப்புக் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் கட்டைக்குரல் ஓடிடலாம்பான். எங்கக்கா சரியாத்தான் எழுதியிருப்பாடான்னு அவனைப் பிடிச்சு நிறுத்துவேன். நான்தான்கா அவனைப் பிடிச்சு நிறுத்தினேன்.” இவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேலையை விட்டுவிடுங்கள் என்று நான் கெஞ்சினேன், அழுதேன், சண்டை போட்டேன். ஐம்பதைத் தாண்டிய பாய்லர்காரனுக்கு வேறு எவன் வேலை தருவான் என்று கேட்டார். இரும்பை எடுத்துவிடுங்கள் என்றால், மானேஜர் சொல்லாமல் எடுத்தால் அன்றைக்கே வெளியே தள்ளுவான் என்றார். தான் விலகினால் அந்த இடத்தில் இன்னொருத்தன் நிற்பான் என்றும் சொன்னார். இன்னொருத்தன் நிற்கட்டுமே என்று என் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

மறுநாள் காலை இவர் கிளம்பும்போது வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். தோளில் கனமான பை.

“நானும் வர்றேன்” என்றார்.

“எங்க?”

“உன் ஆலைக்கு.”

அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளாமல் முன்னே நடந்தார்கள். எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. போட்டது போட்டபடி பின்னாலேயே ஓடினேன்.

வாசல் காவலாளி எங்களைத் தடுக்கத்தான் பார்த்தார். அதற்குள் மானேஜர் அண்ணியைக் கண்டுகொண்டு ஓடி வந்தார். மடிப்புக் கலையாத சட்டை போட்ட சின்ன வயசுக்காரர். மேசையிலிருந்து அண்ணியின் புத்தகத்தை எடுத்துவந்து கையெழுத்து வாங்கிக்கொண்டார். “உங்களாலதான் மேடம் எங்களுக்கு மூச்சு விட முடியுது” என்றார். பாய்லரைப் பார்க்கலாமா என்று அண்ணி கேட்டதும் அவரே அழைத்துப் போனார்.

இத்தனை வருஷத்தில் நான் அந்த அறைக்குள் போனதில்லை. தகரக் கூரை. காது அடைக்கும் இரைச்சல். அறையை அடைத்துக்கொண்டு கறுப்பாக அந்தப் பாய்லர். தரை அதிர்வது செருப்பைத் தாண்டிக் காலில் ஏறியது. தலைக்கு மேலே கம்பி, அதில் எடை, எடைக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டுக் கட்டிய இரும்புத் துண்டு. கண்ணாடிக்குள் இருந்த முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நடுங்கிக்கொண்டிருந்தது. கட்டைக்குரல் ஒற்றைக் கண்ணால் எங்களைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார். இவர் தினமும் சாப்பாட்டுத் தூக்கோடு இதற்குள்தான் வருகிறார்.

அண்ணி மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து, பாய்லருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து மாணவர்களின் விடைத்தாள்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திருத்த ஆரம்பித்தார்.

மானேஜர் புன்னகையோடு குனிந்து, “மேடம், இங்க வெக்கை. ஆபீசுக்கு வாங்க, ஏசி இருக்கு” என்றார்.

“பரவாயில்லை. எனக்கு லீவுதான். சாயங்காலம் வரைக்கும் இங்க இருக்கேன். நாளைக்கும் வருவேன்.”

“இங்க எதுக்கு மேடம்?”

“என் தம்பி இங்கதானே இருக்கான்.”

“வேண்டாம் மேடம். இங்க சேஃப் இல்லை.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அண்ணி பேனாவை மூடினார்.

“சேஃப் இல்லையா? சான்று குடுத்தது உங்க இன்ஜினியர்தானே?”

“அது... ஆட்களுக்குப் பழக்கம். வெளியாட்களுக்குச் சொல்றேன்.”

“நான் இங்க உட்கார்ந்திருக்கேன்னு எங்க துறையில சொல்லிட்டுத்தான் வந்தேன். அமைச்சகத்துக்கும் சொல்லியாச்சு. என் தம்பி செத்தா சுவர் இடிஞ்சு விழுந்துதுன்னு சொல்லி முடிச்சுடுவீங்க. நான் செத்தா அப்படி முடிக்க முடியாது. ஏன், எப்படின்னு கேப்பாங்க. எழுதுவாங்க.” பயத்தில் செத்துக்கொண்டுதான் அவர் அங்கே உட்கார்ந்திருந்தார், எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

பாய்லருக்குள் எங்கோ டொங்கென்று ஒரு சத்தம். மானேஜர் சடக்கென்று கதவுப் பக்கம் நகர்ந்தார். முள்ளைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். மறுபடி முள்ளைப் பார்த்தார்.

“எடுப்பா அதை” என்றார் இவரிடம்.

இவர் ஏணியில் ஏறிச் சங்கிலியை அவிழ்த்தார். இரும்பு தரையில் விழுந்ததும் வால்வு திறந்துகொண்டு ஆவி அலறியது பாருங்கள், நான் கத்திக்கொண்டு காதைப் பொத்திக் கீழே உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே வந்து நின்றது.

இவர் ஏணியிலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் இவர் முகத்தில் இருந்தது சந்தோஷம் இல்லை. எத்தனையோ நாள் இவர் நின்றபோது இறங்காத முள், அக்கா வந்து உட்கார்ந்ததும் இறங்கிவிட்டது. தன் உயிருக்கு அந்த அறையில் என்ன மதிப்பு என்று இவருக்கு அப்போது புரிந்திருக்கும். எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு அண்ணி தினமும் போகிறார். பல்கலைக்கழகத்தில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். தான் எழுதியது தப்பு என்று பத்திரிகைகளுக்கும் அனுப்பினார், யாரும் போடவில்லை. ஒரு நாள் காய்ச்சல் என்று போகாமல் இருந்தார். அன்று மத்தியானமே இரும்பு பழைய இடத்துக்குப் போய்விட்டது என்று இவர் வந்து சொன்னார். மறுநாள் அண்ணி காய்ச்சலோடேயே கிளம்பினார். நான்தான் மாத்திரையும் போர்வையும் கொடுத்து அனுப்பினேன். படுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாயங்காலம் தெருமுனையில் இரண்டு தலையும் சேர்ந்து தெரிகிறவரை என் மெஷின் நேராகத் தைப்பதில்லை. முன்பு ஒருவருக்காகப் பயந்தேன், இப்போது இரண்டு பேருக்காக.

போன வாரம் கடைக்கு ஒரு பெண் வந்தாள். துணி ஒன்றும் கையில் இல்லை. எங்கள் ஆலைக்குப் பக்கத்து ஆலையில் அவள் புருஷன் பாய்லர் பார்க்கிறானாம். வயிற்றில் பிள்ளை, நிறைமாதம் இருக்கும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அங்கயும் இரும்பு கட்டியிருக்காங்கக்கா” என்றாள். “உங்க நாத்தனாரு எங்க ஆலையில வந்து உட்காருவாங்களா? தினமும் வேண்டாம். ஒரே ஒரு நாள்.”

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். அவள் கண்ணில் இருந்த பயம் எனக்குப் புதியது இல்லை. கண்ணாடியில் தினமும் பார்க்கிறதுதான்.

“அவங்களுக்கு உடம்பு சரியில்லை. முடியாது” என்றேன்.

அவள் சரிக்கா என்று சொல்லிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அன்று சாயங்காலம் அண்ணி வந்து, இன்றைக்கு யாராவது வந்தார்களா என்று கேட்டார். யாரும் வரவில்லை என்றேன். சொன்னால் அவர் அந்த ஆலைக்குப் போய்விடுவார்.